படம் படமாகும்போது

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ‘மாங்கா’ என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மாட்டுங்கா மார்க்கெட்டில் ஊறுகாய்க்குப் பொறுக்கி எடுக்கிறோமே, அது இல்லை. ஜப்பான்காரர்களின் சித்திரத் தொடர்கதைக்கு அந்தப் பெயர். வாராவாரம் பத்திரிகையில் வரும், பிறகு புத்தகமாகும். வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகப் படிக்க வேண்டும். அதையே அசையும் சித்திரமாக்கித் திரையில் காட்டினால் ‘அனிமே’. எல்லாம் ஓடி முடித்த பின்பு, அதே கதையை மனிதர்களுக்கு வேஷம் போட்டு, காமிராவை வைத்து எடுப்பார்கள். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் சண்டை ஆரம்பமாகிறது.

செம்பூரில் ஒன்பதாவது படிக்கிற என் பேரனும் அவன் நண்பர்களும் இந்தச் சண்டையில் முழு மூச்சாக இருக்கிறார்கள். ‘இவன் அவனே இல்லை, தாத்தா. தலைமுடி மட்டும்தான் அவனோடது’ என்று ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் பொருமினான். நம் அன்பர்கள் சிலர் இதைக் கேட்டால், ‘ஜப்பான்காரன் கதைக்கு நம் பிள்ளைக்கு என்ன இவ்வளவு துக்கம்?’ என்று கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தத் துக்கம் நம் வீட்டுத் துக்கம்தான். நமக்கு வேறு பெயரில் வந்தது, அவ்வளவே.

ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதினார். கோபுலு படம் போட்டார். சண்முகசுந்தரம் எப்படி நாயனத்தைப் பிடிப்பான், மோகனா எப்படித் திரும்பிப் பார்ப்பாள் என்பதெல்லாம் கோபுலுவின் கோட்டில் படித்தவர்கள் மனத்தில் படிந்துவிட்டது. கல்கியில் 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம். வந்தியத்தேவனின் குதிரை, ஆழ்வார்க்கடியானின் முன்குடுமி, நந்தினியின் ஆண்டாள் கொண்டை எல்லாம் அவர் கைவண்ணம். எழுதியவர் பாதி, வரைந்தவர் பாதி, அடுத்த வாரம் வரும்வரை வாசகர் மனத்தில் ஓடியது இன்னொரு பாதி. கணக்கு ஒன்றரை ஆகிறதே என்று கேட்காதீர்கள். தொடர்கதையின் கணக்கு அப்படித்தான்.

அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனை! என் தகப்பனார் அப்படிச் சேர்த்த ஐந்து தொகுதிகள் 1980களில் டிரங்குப் பெட்டியில் ஏறி, தாதர் எக்ஸ்பிரஸில் என்னோடு பம்பாய்க்கு வந்தன. (மும்பை என்று எழுதத்தான் பார்க்கிறேன். பழைய பெயர் அடிக்கடி முந்திக்கொள்கிறது.) ஆகவே மணிரத்னம் 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி முதல் பாகத்தை வெளியிட்டபோது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். என் வீட்டுக்காரி முதலில் தேடியது நந்தினியின் கொண்டையை. நான் தேடியது ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வரும் ஒற்றைக் குதிரையை. கல்கி கதையை அங்கேதான் தொடங்குகிறார். படம் ராஷ்டிரகூடர்களோடு நடக்கும் போரில் தொடங்கியது. பேரன் எதையும் தேடவில்லை. முதல் தடவையாகக் கதை கேட்கிறவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். இந்த மூன்றாவது ஆளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், ஏன் சில படங்கள் தேறுகின்றன, சில கவிழ்கின்றன என்று பார்க்கலாம். நான் சினிமாக்காரன் அல்ல. டிப்ளமோ படித்துவிட்டு மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளோடு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் காலம் தள்ளியவன். டிராயிங் ஆபீஸிலிருந்து வரும் தாளில் ஒரு போகி ஃப்ரேமைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகலாம். அதே போகியைக் கிரேனில் தூக்கும்போதுதான் சங்கிலி முனகும். பக்கத்தில் நிற்பவன் இரண்டடி தள்ளி நிற்பான். தாளுக்கு எடை கிடையாது. இரும்புக்கு உண்டு.

சித்திரக்கதைக்கும் இதே கதிதான். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். ‘சட்டையும் கால்சட்டையும் எப்படி மறைந்தது?’ என்று எங்கள் தெருவில் ஒருவன்கூடக் கேட்கவில்லை. தாளில் அது நியாயம். அதே ஆளை நிஜமாகக் காமிரா முன் நிறுத்தினால் சட்டை தெரியும், தொப்பை தெரியும், தூக்கிக் கட்டிய கயிறும் தெரியும். கோட்டில் சும்மா கிடைத்த நம்பிக்கையை, ஆளை வைத்து எடுக்கும்போது உழைத்துச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

அந்த உழைப்பு எங்கே விழ வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏ.பி. நாகராஜன் 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ எடுத்தபோது சிவாஜி கணேசனின் முகம் கோபுலுவின் சண்முகசுந்தரத்தைப் போல இருக்கிறதா என்று அளந்துகொண்டிருக்கவில்லை. கோபுலுவின் நாயனத்தில் சத்தம் வராது. படத்தில் வந்தாக வேண்டும். மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களை வாசிக்க வைத்தார். அந்த வாசிப்புக்கு ஏற்றபடி சிவாஜியின் கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, விரல் துளையில் ஓடியது. பக்கத்தில் பாலையா தவிலோடு. மாயவரம் பக்கத்துக் கல்யாணங்களில் நாயனம் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த மூச்சில் குறை சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை. வெடிச் சத்தத்தில் வாசிக்க மாட்டேன் என்று சண்முகசுந்தரம் கச்சேரியைப் பாதியில் நிறுத்தி எழுந்து போகிறாரே, அந்தக் கோபம் எங்கள் ஊர் வித்வான்களின் கோபம். கதையில் பாதியை நாகராஜன் விட்டுவிட்டார். படித்தவர்கள் மன்னித்தார்கள். நாயனத்தில் ஏமாற்றியிருந்தால் மன்னித்திருக்க மாட்டார்கள்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பேரன் காட்டிய ஜப்பான் சரக்குகளைப் பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

‘டிராகன் பால்’ என்று ஒன்று. அகிரா தோரியாமா 1984 முதல் 1995 வரை வாராவாரம் வரைந்தது. புத்தகமாக 42 தொகுதி. அதை அமெரிக்காவில் 2009-இல் சுமார் ஒன்றரை மணி நேரப் படமாக எடுத்தார்கள். மலைக்காட்டில் வளர்ந்த வெகுளிப் பையனை அமெரிக்கப் பள்ளிக்கூட மாணவனாக்கிவிட்டார்கள். எங்கும் ஒரே திட்டு. திரைக்கதை எழுதிய பென் ராம்சே ஏழு வருடம் கழித்து, 2016-இல், ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். பேரன் பொருமியது இந்தப் படத்தைப் பார்த்துத்தான். தலைமுடி மட்டும் அவனோடது என்றானே, அது சரியான தீர்ப்பு.

நேர் எதிர்த் தவறும் உண்டு. 1998-இல் வந்த ‘கௌபாய் பீபாப்’ என்ற அனிமேயை நெட்ஃபிளிக்ஸ் 2021 நவம்பரில் ஆட்களை வைத்து எடுத்து வெளியிட்டது. அதே கோட்டு, அதே விண்கலம், பழைய படத்துக்கு இசையமைத்த யோகோ கன்னோ அம்மையாரே மறுபடியும் இசை. மூன்று வாரத்துக்குள் ‘இனி தொடராது’ என்று அறிவித்துவிட்டார்கள். மூலப் படத்தின் டைரக்டர் வாத்தனாபேயால் முதல் காட்சிக்கு மேல் பார்க்க முடியவில்லையாம். அவரே பேட்டியில் சொன்னார். டிராயிங்கை அப்படியே டிரேஸ் எடுத்துத் தகரத்தில் வெட்டினால் பெட்டி மாதிரி இருக்கும். ஓடாது.

தேறியவற்றில் இரண்டு. ‘ருரோனி கென்ஷின்’ என்ற வாள் வீரன் கதையை ஜப்பானியர்களே 2012-லிருந்து 2021 வரை ஐந்து படங்களாக எடுத்தார்கள். தாளில் கென்ஷினின் வேகத்தை நாலு கோடு போட்டுக் காட்டிவிடலாம். படத்தில் தாக்கேரு சாத்தோ என்ற நடிகர் நிஜமாக ஓடுகிறார், சறுக்குகிறார், மூச்சு வாங்குகிறார். நாகராஜன் நாயனத்துக்குச் செய்ததை இவர்கள் வாளுக்குச் செய்திருக்கிறார்கள்.

மற்றொன்று ‘ஒன் பீஸ்’. எய்ச்சிரோ ஓடா என்பவர் 1997-இல் ஆரம்பித்த கடல்கொள்ளைக்காரர் கதை. நெட்ஃபிளிக்ஸ் 2023 ஆகஸ்டில் எட்டுப் பகுதிகளாக வெளியிட்டது. தமக்குத் திருப்தி வராமல் வெளியிடுவதில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டதாக ஓடாவே ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார். தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனில் கப்பலைக் கப்பலாகவே கட்டினார்கள். பலகையில் கால் வைத்தால் பலகை சத்தம் போடுகிறது. இதில் நான் ரசித்தது வேறு. மூலத்தில் உசோப் என்பவனுக்கு முழ நீளத்துக்கு மூக்கு. சான்ஜி என்பவனுக்குச் சுருண்ட புருவம். இரண்டையும் தைரியமாக விட்டுவிட்டார்கள். நாயகனின் வைக்கோல் தொப்பியை விடவில்லை, ஏனென்றால் கதையே அந்தத் தொப்பியில் இருக்கிறது. எது மூக்கு, எது தொப்பி என்று தெரிந்தவன்தான் இந்த வேலைக்கு லாயக்கு. மெக்சிகோக்காரப் பையன் ஒருவன் ஜப்பானியரின் நாயகனாக நடித்திருக்கிறான். ஒரு ரசிகனும் சண்டைக்கு வரவில்லை என்று பேரன் அடித்துச் சொல்கிறான்.

நம் ஊர்ப் பக்கமும் ஜப்பான் காற்று அடித்திருக்கிறது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் நம் மும்பையில் வேலை பார்த்த ராம் மோகன் அவர்களோடு சேர்ந்து ராமாயணத்தை அனிமேயாக எடுத்தார். 1993-இல் டில்லி திரைப்பட விழாவில் காட்டினார்கள். அப்போது தியேட்டர்களுக்கு வராமல், பிற்காலத்தில் டி.வி.யில் ஓடி ஓடியே பிள்ளைகளுக்குப் பழகியது. 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு தியேட்டருக்கே வந்தது. அந்தப் படம்தான் தமக்குத் தூண்டுதல் என்று சொல்லி ஓம் ராவுத் 2023-இல் ‘ஆதிபுருஷ்’ எடுத்தார். பிரபாஸ் நடித்தும் ஏச்சுத்தான் மிஞ்சியது. வெளியான பிறகு வசனத்தையே மாற்ற வேண்டி வந்தது. கையால் வரைந்த ராமன் கண்ணில் இருந்த சாந்தம் கம்ப்யூட்டர் போட்ட வெளிச்சத்தில் காணாமல் போய்விட்டது என்பது என் அபிப்பிராயம். இன்னொரு விசித்திரம்: ஜப்பானில் 1966-இல் தொடங்கிய ஒரு பேஸ்பால் மாங்காவை 2012 டிசம்பரில் ‘சூரஜ்’ என்று இந்தி டி.வி.க்குக் கொண்டுவந்தார்கள். பேஸ்பால் கிரிக்கெட்டாகி, டோக்கியோ நம் மும்பைக் குடிசைப் பகுதியாகிவிட்டது. அது சித்திரமாகவே இருந்துவிட்டதால் நிஜமான தாராவிப் பையன் யாரும் நடிக்கும் வாய்ப்பு வரவில்லை. தொண்ணூறடி ரோட்டில் ரப்பர் பந்தில் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு குறைதான்.

சரி, கவலைக்கு வருகிறேன்.

ஜப்பான்காரர் ஒருவர் டிராகன் பால் படத்தைப் பார்த்துவிட்டுக் காறித் துப்பினாலும் அவருக்கு நஷ்டமில்லை. 42 தொகுதியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது; எடுத்துப் பிரித்தால் பழைய பையன் பழையபடி சிரிப்பான். படம் கெட்டுப்போனால் டிக்கெட் காசோடு போயிற்று. பொன்னியின் செல்வன் விஷயத்தில் எனக்கும் அதே நிலைமைதான். இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலில் வந்தது. மணிமேகலையைக் காணோம். கடம்பூர் மாளிகையின் அந்த அப்பாவிப் பெண்ணை அடியோடு எடுத்துவிட்டார்கள். வந்தியத்தேவனைக் காப்பாற்ற, செய்யாத கொலையைத் தான் செய்ததாகச் சொன்னவள் அவள். அவன் மடியில் அவள் உயிர் பிரிவதோடுதான் கல்கி ஐந்து பாகத்தையும் முடிக்கிறார். மணிரத்னத்தைக் குறை சொல்லவில்லை. இரண்டேமுக்கால் மணி நேரப் படம் இரண்டில் அவ்வளவு பெரிய கதையை அடைக்க வேண்டியவர் எதையாவது இறக்கித்தான் ஆக வேண்டும். எம்.ஜி.ஆர். 1958-இல் எடுக்க நினைத்து முடியாமல் போன காரியத்தை முடித்தவர் அவர். ஜெயராமின் ஆழ்வார்க்கடியான் மணியத்தின் பக்கத்திலிருந்து இறங்கி நடந்து வந்ததுபோல இருந்தது. எனக்கு மணிமேகலை வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய் ஐந்தாம் தொகுதியைப் பிரித்துக்கொள்வேன்.

பேரன் என்ன செய்வான்? அவனுக்குத் தமிழ் பேச வரும், நன்றாகவே வரும். பாட்டியோடு சண்டை போடுவதெல்லாம் தமிழில்தான். படிக்க வராது. பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி. மூன்று மொழி சுமந்த பிறகு நாலாவதுக்கு யார் வற்புறுத்துவது என்று விட்டுவிட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று; உங்கள் வீடும் இருக்கலாம். அவனுக்கு அந்த ஐந்து தொகுதியும் பூட்டின பெட்டி. நமக்குப் படம் என்பது கதை படித்தபின் வரும் இரண்டாவது விருந்து. அவனுக்கு அதுவே முதலும் கடைசியும். படத்தில் மணிமேகலை இல்லை என்றால் மணிமேகலை பிறக்கவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே பையன் ஒன் பீஸில் ஒரு மூக்கு குறைந்ததைக் கண்டுபிடிக்கிறான். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறான். ஏனென்றால் அதன் மூலத்தை ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறான். மூலம் தெரிந்தவனுக்குத்தான் கோபப்படும் உரிமை வரும். பொன்னியின் செல்வன் பற்றி அவனுக்குக் கோபமே வரவில்லை. ‘நல்லா இருந்தது தாத்தா’ என்றான். எனக்கு அதுதான் சுருக்கென்றது.

‘டப்பிங் இருக்கிறது, ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, அதைப் படிக்கட்டும்’ என்று சொல்பவர்கள் உண்டு. படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆழ்வார்க்கடியானின் வாதம் ஆங்கிலத்தில் வாதமாக இருக்குமே தவிர, வம்பாக இருக்காது. ஜப்பான் சரக்கைத் தடுத்தால் பிள்ளை தமிழ்ப் பக்கம் திரும்புவான் என்ற யோசனையும் நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறது. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாராவாரம் காத்திருப்பது, படத்தை உற்றுப் பார்ப்பது, ஒரு பாத்திரத்துக்காகச் சண்டை போடுவது ஆகிய மூன்றையும் அந்தச் சரக்குதான் அவனுக்குப் பழக்கியிருக்கிறது. விகடனும் கல்கியும் நமக்குப் பழக்கியது இதைத்தானே? நிலம் உழுதுதான் கிடக்கிறது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. ஆண்டு விழாவில் நாட்டியம், பட்டிமன்றம், சாப்பாடு எல்லாம் இருக்கட்டும். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்து, பெரியவர் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். சுருக்கம் கூடாது, கதைச் சுருக்கம் அவர்கள் போனிலேயே கிடைக்கிறது. கல்கி எழுதியது எழுதியபடி. படிக்கும்போது மணியத்தின் சித்திரத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டலாம். அதற்கான கருவி சங்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அத்தியாயத்தை எங்கே கல்கி நிறுத்தினாரோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று ஒரு பையன் கேட்டால், ‘அடுத்த ஞாயிறு’ என்று ஈவிரக்கமில்லாமல் சொல்ல வேண்டும். ஒரு வருடம் கழித்துத் தானே புத்தகத்தைப் பிடுங்கி எழுத்துக் கூட்ட இரண்டு பிள்ளைகள் கிளம்பினால் போதும். பாடத்திட்டம், பரீட்சை, சான்றிதழ் எதுவும் வேண்டாம். சான்றிதழ் என்றதும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், பெற்றோர் வந்துவிடுவார்கள்.

படிப்பவர் குரல் நன்றாக இருக்க வேண்டும். மாட்டுங்கா அரோராவில் தமிழ்ப் படம் பார்த்துவிட்டு, வசனத்தை வீடுவரை பேசிக்கொண்டே நடந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. தாராவியில் மேடை நாடகம் போட்டவர்களும் இருக்கிறார்கள். பெரிய பழுவேட்டரையரின் உறுமலுக்கு அவர்களை விட்டால் யார்? குந்தவைக்கும் நந்தினிக்கும் நம் மகளிரணி இருக்கிறது. யார் நந்தினி என்பதில் மட்டும் தகராறு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஐந்து பாகத்துக்கும் சேர்த்து 293 அத்தியாயம். ஞாயிறுக்கு இரண்டு என்றால் 147 வாரம், மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கல்கி வாசகர்கள் அதைவிட அதிக நாள் காத்திருந்தார்கள். இப்போது தொடங்கினால் பேரன் கல்லூரியில் சேரும் சமயத்தில் மணிமேகலையின் கடைசி அத்தியாயம் வரும். முதல் தொகுதியின் தையல் விட்டுப்போயிருக்கிறது, பைண்டரிடம் கொடுத்திருக்கிறேன். பத்து நாளில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சங்கச் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துச் சொன்னால் புத்தகத்தோடு வந்துவிடுகிறேன்.